இலங்கையின் சிவனொளிபாதமலை ஏறப் போகிறீர்களா?

நல்லதண்ணி ஊரிலிருந்து ஏறும் பாதையில் சுமார் 5,500 படிகள். நள்ளிரவு தாண்டி 2 மணிக்குக் கிளம்பினாலே சூரிய உதயத்துக்குப் பெரும்பாலும் போதும். பதினோரு மணிக்கே ஏறிவிடுகிறவர்கள், வியர்வையில் நனைந்த சட்டையோடு 2,243 மீட்டர் உயரத்துக் காற்றில் விடியும்வரை நடுங்குவார்கள். மாற்றுச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போங்கள். உச்சிக்குச் சற்று முன்பே மாற்றிவிடுங்கள். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும், தரை சில்லிட்டிருக்கும். தடித்த காலுறை கைகொடுக்கும்.

டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் (புத்தர் பிறந்தநாள் பௌர்ணமி) வரைதான் பாதையில் விளக்கு எரியும். அதிலும் பௌர்ணமி, வார இறுதி இரவுகளில் கடைசிப் படிகளில் வரிசை நகரவே நகராது, வாரநாளே மேல். மற்ற மாதங்களில் தலையில் மாட்டும் டார்ச் வேண்டும், மழையிருந்தால் இரத்தம் உறிஞ்சும் அட்டையும் காலில் ஏறும். முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான்: குதிக்காமல், சற்றுப் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள்.