புத்தர் சொன்னதும் நாம் கேட்டுக்கொண்டதும்: ஆதி பௌத்தத்தைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஆசையே துன்பத்திற்குக் காரணம்' என்ற வாசகம் பள்ளிக்கூடச் சுவரிலும் நாட்காட்டித் தாளிலும் புத்தர் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, 'துறக்க வேண்டும் என்று நினைப்பதும் ஓர் ஆசைதானே?' என்று மடக்குபவர்கள் உண்டு. பேச்சு பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இந்தக் கேள்வி, புத்தரின் உரைகளைப் பாலி மொழியில் காக்கும் பழைய நூல்களிலேயே கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கோசாம்பி நகரத்தில் கோசிதாராமம் என்ற துறவியர் தங்குமிடத்தில் புத்தரின் சீடர் ஆனந்தர் தங்கியிருந்தபோது உன்னாபர் என்ற பிராமணர் அவரைப் பார்க்க வந்தார். இந்தத் துறவு வாழ்க்கை எதற்காக என்று கேட்டார். விருப்பத்தை விடுவதற்காக என்றார் ஆனந்தர். அதற்கு வழி உண்டா? உண்டு; விருப்பம், ஊக்கம், மனம், ஆராய்ச்சி ஆகிய நான்கையும் ஊன்றி வளர்ப்பதே வழி. உன்னாபர் விடவில்லை. விருப்பத்தை விருப்பத்தாலேயே விடுவதென்றால் அதற்கு முடிவே வராதே என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: பிராமணரே, இந்த ஆராமத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு முன்பு இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்ததும் அந்த விருப்பம் என்ன ஆயிற்று? அடங்கிவிட்டது.

இரண்டே கேள்விகளில் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது. ஒரு வாக்கியத்தை உரையாடலிலிருந்து பிய்த்தெடுத்து, அதை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவதுதான் ஆதி பௌத்தத்தைப் படிக்க வருபவர்கள் செய்யும் முதல் தவறு. சுத்தங்கள் எனப்படும் புத்தரின் உரைகளைத் தொகுத்த சுத்த பிடகத்தில் பெரும்பாலும் எந்த ஊர், யார் வந்தார், என்ன கேட்டார் என்று சொன்ன பிறகுதான் பதில் வருகிறது. கேட்டவரை விட்டுவிட்டால் பதிலும் வேறாகிவிடும்.

துன்பத்தின் காரணத்தைச் சொல்லும், நான்கு வாய்மைகளில் இரண்டாவது, குறிப்பிடுவது எல்லா விருப்பத்தையும் அல்ல. மீண்டும் பிறப்புக்கு இழுத்துச் செல்லும், அங்கும் இங்கும் இன்பம் தேடி அலையும் வேட்கையையே புத்தரின் முதல் பேருரை சொல்கிறது. அதை மூன்றாகவும் பிரிக்கிறது: புலனின்ப வேட்கை, இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதைக் கவனியுங்கள். வாழ்க்கையை வெறுத்து ஒழிந்துபோக நினைப்பதும் நோயின் கணக்கிலேயே சேர்கிறது. மறுபக்கம், எண்வழிப் பாதையில் வரும் நன்முயற்சி என்பதே நல்லதை வளர்க்க விருப்பத்தை எழுப்புவதுதான்.

'எல்லாம் துக்கம் என்றவர் அவர்' என்பதும் இதே வகைப் பிழை. வைசாலியில் மகாலி என்ற லிச்சவி குலத்தவரிடம் புத்தர் இதைப் பற்றிப் பேசுகிறார். உடலும் உணர்ச்சியும் மற்றவையும் முழுக்க முழுக்கத் துக்கமாகவே இருந்தால் உயிர்கள் அவற்றின் மேல் மயக்கம் கொள்ளமாட்டா. அவற்றில் இன்பமும் இருப்பதால்தான் மயங்குகின்றன என்கிறார். இன்பத்தை அவர் மறுக்கவில்லை. அது நிலைக்காது என்பதையும், நிலைக்காததைப் பற்றிக்கொள்ளும்போது என்ன நேர்கிறது என்பதையுமே காட்டினார்.

இனி, இணையத்தில் அதிகம் சுற்றும் மேற்கோளுக்கு வருவோம். 'உன் அறிவுக்கு ஒத்துவராவிட்டால் நான் சொன்னாலும் நம்பாதே' என்று புத்தர் காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்னதாக ஒரு வரி பகிரப்படுகிறது. அந்தச் சுத்தத்தைத் திறந்து பார்த்தால் கிடைப்பது வேறு. கோசல நாட்டின் கேசபுத்தம் என்ற ஊருக்குத் துறவிகள் மாறி மாறி வந்து, தங்கள் கொள்கையை உயர்த்தியும் பிறர் கொள்கையைத் தாழ்த்தியும் பேசிவிட்டுப் போகிறார்கள். யார் சொல்வது மெய் என்று காலாமர்கள் கேட்கிறார்கள். நீங்கள் ஐயுறுவது முறையே என்று தொடங்கிய புத்தர், செவிவழிச் செய்தி, மரபு, நூலில் இருப்பது என்று எதை மட்டும் நம்பி ஏற்கக்கூடாது என்பதைப் பத்தாக அடுக்குகிறார். 'இந்தத் துறவி எங்கள் ஆசிரியர்' என்பதும் அதில் உண்டு. அந்த அளவுக்கு மேற்கோள் சரிதான். ஆனால் தர்க்கமும் ஊகமும் அதே பட்டியலில் இருக்கின்றன. வெறும் வாதத் திறமையையும் அவர் போதாது என்று ஒதுக்குகிறார்.

அவர் வைக்கும் சோதனை அறம் சார்ந்தது. பேராசை ஒருவனுக்குள் எழும்போது அது அவனுக்கு நன்மை தருகிறதா, தீமை தருகிறதா? வெறுப்பு? மயக்கம்? தீமையே என்று காலாமர்களே பதில் சொல்கிறார்கள். இவை தீயவை, அறிவோரால் பழிக்கப்படுபவை, துன்பத்துக்கு இட்டுச் செல்பவை என்று நீங்களே உணரும்போது விட்டுவிடுங்கள் என்பதே அறிவுரை. மறுபிறவி இருந்தால் நல்வினை அங்கும் பயன் தரும். இல்லாவிட்டாலும் பகையும் துயரும் இன்றி இங்கேயே வாழலாம் என்று பிற்பகுதியில் ஓர் உறுதியும் அளிக்கிறார். பகிரப்படும் ஒற்றை வரியைவிட இந்த முழு உரையாடல் எவ்வளவோ பெரியது.

இதை வைத்துப் புத்தரை நம் காலத்து நாத்திகராக ஆக்கிவிடக் கூடாது. போதிக்கத் தயங்கியவரிடம் வந்து வேண்டிக்கொண்டவர் சகம்பதி பிரம்மா என்று அதே நூல்கள் சொல்கின்றன. தேவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களும் பிறந்து இறப்பவர்கள். உலகைப் படைத்து ஆள்பவன் என்ற இடம் அங்கே யாருக்கும் இல்லை. அவரைத் திருமாலின் அவதாரமாகக் காட்டுவதும் பிழைதான். அது புராணங்களின் கூற்று. பாலி நூல்களில் அதற்குச் சுவடே கிடையாது.

மிகக் கடினமான இடம் அனத்தம், அதாவது எதுவும் 'நான்' அல்ல என்ற கொள்கை. 'ஆன்மா இல்லை என்றார், பிறகு மறுபிறவி யாருக்கு?' என்று கேட்டுவிட்டு முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது எளிது. ஐந்து துறவிகளிடம் அவர் வாதிட்ட முறையைப் பாருங்கள். இந்த உடல் 'நான்' என்றால், 'என் உடல் இப்படி இருக்கட்டும், அப்படி வேண்டாம்' என்று சொல்ல முடிய வேண்டும், முடியவில்லையே. உணர்ச்சி, குறிப்பு (பொருளை இன்னதென்று அறிதல்), மனத்தின் ஆக்கங்கள், உணர்வு (அறியும் மனம்) என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது என்னுடையதல்ல, இது நானல்ல என்று காணச் சொல்கிறார். மீனவர் மகனான சாதி என்ற பிக்கு, அதே உணர்வுதான் பிறவிதோறும் மாறாமல் போகிறது என்று சொன்னபோது அவரைக் கடுமையாகக் கண்டித்தார். உணர்வு காரணங்களைச் சார்ந்து எழுவது. ஓர் ஆளைப்போல வீடு மாறிப் போவதல்ல.

அதே புத்தர், வச்சகோத்தர் என்ற வேற்றுநெறித் துறவி வந்து 'ஆன்மா உண்டா?' என்று கேட்டபோது பேசாமல் இருந்தார். 'அப்படியானால் இல்லையா?' என்றபோதும் பேசவில்லை. வச்சகோத்தர் எழுந்து போய்விட்டார். ஏன் பதில் சொல்லவில்லை என்று ஆனந்தர் கேட்டார். உண்டு என்றால் நிலைபேறுடைய ஆன்மாவைச் சொல்பவர்களோடு சேர்ந்ததாகும், இல்லை என்றால் அழிவுவாதிகளோடு சேர்ந்ததாகும். ஏற்கெனவே குழம்பியிருப்பவர், முன்பு இருந்த என் ஆன்மா இப்போது இல்லாமல் போயிற்றே என்று இன்னும் குழம்புவார் என்றார். எதிரே இருப்பவரின் நிலைமை அறிந்து காத்த அந்த மௌனத்தை எந்த ஒற்றை வாசகத்திலும் அடக்க முடியாது.

வாழ்க்கை வரலாற்றில் கவனம் வேண்டிய இடம் முதியவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகள். சுத்த பிடகத்தின் ஒரு பகுதியான தீக நிகாயத்தில் இந்தக் கதை விபஸ்சி என்ற முந்தைய புத்தருக்கு நடந்ததாக வருகிறது. நம் புத்தரான கோதமர் பெயரில் விரிவாக வருவது பிந்திய காவியங்களிலும் உரைகளிலும்தான். அவரே தன் துறவைச் சொல்லும் அரியபரியேசன சுத்தத்தில் தேரும் இல்லை, நள்ளிரவும் இல்லை. கருங்கூந்தல் கொண்ட இளமையில், தாயும் தந்தையும் கண்ணீர் வடித்து அழ, முடி மழித்துக் காவியுடுத்திப் புறப்பட்டேன் என்கிறார். எனக்கு இந்த இரண்டு வரிதான் காவியத்தைவிட அதிகம் வலிக்கிறது. அம்பேத்கரும் நான்கு காட்சிகளை ஏற்கவில்லை. புத்தர் பிறந்த குலமான சாக்கியருக்கும் அண்டைக் குலமான கோலியருக்கும் இடையிலான ஆற்றுநீர்த் தகராறைக் காரணமாக வைத்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அவர் தொடங்கிவைத்த நவயானம் என்ற புதிய பௌத்த நெறிக்கு அதற்கே உரிய நியாயமும் வலிமையும் உண்டு. அதன் விளக்கங்களையும் பாலி நூல்களின் கூற்றுகளையும் தனித்தனியே அறிந்து படிப்பதுதான் இரண்டுக்கும் மரியாதை.

சாக்கிய நாட்டைப் பேரரசாகக் கற்பனை செய்ய வேண்டாம். அது குலத்தலைவர்கள் கூடி ஆண்ட கணம், கோசலத்துக்கு அடங்கியது. பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் கல்லில் பொறித்ததுபோல் சொல்லாதீர்கள். இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வழங்கும் தேரவாத மரபு பரிநிர்வாணத்தை, அதாவது புத்தரின் மறைவை, கி.மு. 544 என்கிறது, இன்றைய ஆய்வாளர்களில் பலர் கி.மு. 400ஐ ஒட்டி வைக்கிறார்கள். பிறந்த இடத்துக்குச் சான்று உறுதியானது. அசோகர் தன் ஆட்சியின் 20ஆம் ஆண்டில் லும்பினிக்கு வந்து நட்ட தூண், 'இங்கே சாக்கியமுனி புத்தர் பிறந்தார்' என்று சொல்கிறது. அந்த ஊரின் வரியை எட்டில் ஒன்றாகக் குறைத்த செய்தியும் அதிலேயே இருக்கிறது.

சாதி விஷயத்தில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். பிறப்பால் ஒருவன் பிராமணன் ஆவதில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். சாக்கிய இளைஞர்கள் துறவு ஏற்க வந்தபோது, தங்கள் கர்வம் அடங்க வேண்டும் என்று நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு தரும்படி அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவர்கள் அவரை வணங்க வேண்டியதாயிற்று. அந்த உபாலிதான் பின்னர் விநயம் என்ற துறவியர் ஒழுங்குவிதிகளின் பேராசிரியர். ஆனால் அதே விநயம் அரசனின் படைவீரர், கடனாளி, அடிமை ஆகியோருக்குத் துறவு தரக்கூடாது என்கிறது. படைவீரர்கள் சங்கத்தில் (துறவியர் அமைப்பில்) சேர்ந்துவிடுகிறார்கள் என்று மகத அரசர் பிம்பிசாரர் முறையிட்டதன் விளைவாக வந்த விதி அதில் ஒன்று. சங்கத்துக்குள் குலம் கரைந்தது. வெளியே இருந்த சமூகத்தை மாற்றி அமைக்கும் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை.

புலால் பற்றியும் ஒன்று. நம்மில் பலர் சமணத்தின் நெறியைப் பௌத்தத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். பிக்குகள் அனைவரும் புலாலை அறவே விலக்க வேண்டும் என்று தேவதத்தர் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்திராத, கேட்டிராத, ஐயுறாத இறைச்சியைப் பிச்சையில் ஏற்கலாம் என்பதே விதி. தொப்பையோடு சிரிக்கும் பொம்மையோ புத்தரே அல்ல. அவர் புதாய் என்ற சீனத் துறவி.

தமிழ் வாசகர்கள் செய்யும் தவறு ஒன்று தனியாக இருக்கிறது: மணிமேகலையை அப்படியே புத்தர் காலத்து வாக்காக எடுத்துக்கொள்வது. அந்தக் காப்பியம் புத்தருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவை இயல் பிற்கால பௌத்தத் தர்க்கத்தின் விளைச்சல். பாலி நூல்களும் புத்தர் பேசப் பேச எழுதியவை அல்ல. தலைமுறைகளாக ஓதிக் காக்கப்பட்டு, கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் என்ற அரசன் காலத்தில், இலங்கையின் மாத்தளைக்கு அருகே உள்ள அலுவிகாரையில் ஏடேறியவை. ஆனால் பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கி வேட்கை, பற்று வழியாகச் செல்லும் மணிமேகலையின் 30ஆம் காதையைப் பாலியில் இதே பொருளைப் பேசும் நிதான சம்யுத்தம் என்ற உரைத் தொகுதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் அதே பன்னிரண்டு சார்புகள், அதே வரிசையில் நிற்கின்றன.