வெப்பத்தை நிறுத்தி வெளிச்சத்தை விடுவது: உடல் கடிகாரத்துக்கு ஏற்ற ஜன்னலை அமைக்கும் முறை

சென்னையில் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பலர் முதலில் செய்கிற வேலைகளுள் ஒன்று, ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது. மே மாத வெயிலை அறிந்த யாரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆயினும், அந்த ஃபிலிம் வெப்பத்தோடு சேர்த்து, நம் உறக்கத்தையும் விழிப்பையும் நெறிப்படுத்துகிற பகல் வெளிச்சத்தையும் தடுத்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகத் தடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிழலமைப்பையும் கண்ணாடியையும் கவனமாகத் தேர்ந்தால், வெப்பத்தின் பெரும்பகுதியை மட்டும் வெளியே நிறுத்திவிடலாம்.

விழித்திரையில், பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட நரம்புச் செல்களும் சில உள்ளன. இவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002இல் டேவிட் பெர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்கும் இச்செல்கள், வெளியே பகலா இரவா என்பதை மூளையின் ஹைப்போதலாமஸில் இருக்கும் மையக் கடிகாரத்துக்குத் தெரிவிக்கின்றன. பெரும்பாலானோரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்ட சுற்றைக் கொண்டது. காலை வெளிச்சம் அதை நாள்தோறும் சரிசெய்யாவிட்டால், உறக்கம் வரும் நேரம் மெல்ல மெல்லத் தள்ளிப்போகும். 2022இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரையின்படி, பகலில் கண்ணில் படும் ஒளி, இச்செல்களின் உணர்திறனுக்கேற்பக் கணக்கிட்டால், குறைந்தது 250 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். பகலொளிக்குச் சாதாரண லக்ஸ் மீட்டர் காட்டும் எண்ணையே ஏறக்குறைய அப்படியே கொள்ளலாம். மஞ்சள் நிற எல்.இ.டி. விளக்குக்கோ அந்த எண்ணில் ஏறத்தாழப் பாதிதான் கணக்கில் சேரும்.

ஆகவே, செலவு செய்வதற்கு முன் அளந்து பாருங்கள். லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டு, காலை 9 மணியளவில் விளக்குகளை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் கைப்பேசியைக் கண் உயரத்தில், அதன் திரை நீங்கள் பார்க்கும் திசையை நோக்குமாறு நிமிர்த்திப் பிடியுங்கள். மேசையின் மேல் கிடத்தி அளப்பதில் பயனில்லை. மேசையில் விழும் வெளிச்சம் வேறு, கண்ணுக்குள் போகும் வெளிச்சம் வேறு. கைப்பேசி துல்லியமான கருவியன்று என்றாலும், 60 லக்ஸா 300 லக்ஸா என்பதைச் சொல்லிவிடும். அளவு குறைந்தால் முதலில் நாற்காலியை நகர்த்துங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடியில் இருந்தால், பகலொளி உருப்படியாக வந்து சேர்வது ஏறத்தாழ 14 அடி ஆழம் வரைதான். அதற்குள்ளும் அடிக்கு அடி குறைந்துகொண்டே போகும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் பாரித்து நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடும் என்பதால், வீட்டின் மிக வெளிச்சமான இருக்கை தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உரியது.

அடுத்தது நிழல். வெயிலைக் கண்ணாடியில் படுவதற்கு முன்பே மறிப்பதுதான் சிறந்தது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தை உள்பக்கத் திரைச்சீலையால் முழுவதும் திருப்பி அனுப்ப முடியாது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆனால் உச்சியை ஒட்டியே இருப்பதால், வடக்கு ஜன்னலுக்கு நண்பகலில் சிறிய சன்ஷேடே போதும். தெற்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் இருக்கும், 60 செ.மீ. நீண்ட சன்ஷேடு அப்போது சுமார் 80 செ.மீ. உயரத்துக்கு நிழல் தரும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அதிகம் உதவாது. ஆனால் இந்த இரண்டு திசைகளையும் ஒன்றுபோல் நடத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிழக்கு வெளிச்சம் உடல் கடிகாரத்துக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் வருவது. அந்த ஜன்னலைத் தெளிந்த கண்ணாடியாகவே விட்டுவைத்து, வெயில் சுடத் தொடங்கியதும் வெளிப்பக்கம் மூங்கில் தட்டியை இறக்கிவிடுங்கள். மேற்கு ஜன்னலோ, பகலெல்லாம் சூடேறிய வீட்டுக்குள் மாலை வெயிலையும் கொண்டுவருவது. ஃபிலிம் ஒட்டியே தீர வேண்டுமானால் அங்கே ஒட்டுங்கள்.

இரவுக்கு இருட்டு வேண்டும். உறங்குவதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் கண்ணில் படும் ஒளி 10 லக்ஸைத் தாண்டாமலும், உறங்கும்போது 1 லக்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று அதே பரிந்துரை சொல்கிறது. தெருவிளக்கு எட்டும் படுக்கையறைக்குக் கெட்டித் திரைச்சீலை தேவைதான். இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்குபவர்களுக்கு, அந்தத் திரையே முதல் செலவாக இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் வெப்பம் தாங்கவில்லையென்றால் கண்ணாடியை மாற்றலாம். விற்பவரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதைச் சொல்லும் வி.எல்.டி., எவ்வளவு சூரிய வெப்பம் வரும் என்பதைச் சொல்லும் எஸ்.எச்.ஜி.சி. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெயில் தடுக்கும் லோ-இ பூச்சு அதைத் திருப்பியனுப்பி, வெளிச்சத்தை விட்டுவிடுகிறது. 1 என்றால் முழுவதும் உள்ளே வருகிறது என்று பொருள்; 6 மி.மீ. தெளிந்த கண்ணாடியில் இரண்டு எண்களும் 0.8க்கு மேல் இருக்கும். நல்ல லோ-இ இரட்டைக் கண்ணாடியில் வெளிச்சம் 0.6, வெப்பம் 0.3 என்ற அளவில் கிடைக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, விடை 2ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். அவ்வளவு செலவு இயலாதெனில் வெளிர் பச்சைக் கண்ணாடி நல்லது. பலரும் விரும்பும் வெண்கல (ப்ரான்ஸ்) நிறக் கண்ணாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெப்பத்தைவிட வெளிச்சத்தையே அதிகம் வெட்டுகிறது, அதிலும் நமக்கு வேண்டிய நீலப் பகுதியைக் கூடுதலாக வெட்டுகிறது. ஜன்னல்கள் சுவர்ப் பரப்பில் 30 விழுக்காட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு, 2018ஆம் ஆண்டின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும், குடியிருப்புக் கட்டடங்களுக்கான இந்திய ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு குறைந்தபட்ச வி.எல்.டி.யாக 0.27 என்று வகுத்துள்ளது; கொசுவலையும் தூசியும் எடுத்துக்கொள்ளும் பங்கை எண்ணினால், கூடத்துக்கு 0.5க்குக் கீழே இறங்காமல் இருப்பதே நல்லது என்பேன். முன்பணம் கொடுப்பதற்கு முன், மாதிரித் துண்டைப் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தாள் பழுப்பாகத் தெரிந்தால் வேறு துண்டைக் கேளுங்கள்.