சிக்குன்குனியா விட்டுச்சென்ற மூட்டு வலியுடன் எட்டு மாதங்கள்

காய்ச்சல் ஐந்து நாட்களில் விட்டுவிட்டது. மூட்டு வலியோ எட்டு மாதங்கள் விடவில்லை. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் எனக்கு, விடியற்காலையில் மண்வெட்டிப் பிடியைச் சுற்றி விரல்களை மடக்க முடியாமற் போனதே பெரிய அடியாக இருந்தது. 1952இல் தன்சானியாவில் அறியப்பட்ட இந்நோயின் பெயருக்கு, அப்பகுதியின் மக்கொண்டே மொழியில் 'வளைந்து போவது' என்று பொருள். குனிந்தபடியே கிணற்றடிக்கு நடந்த நாட்களில், பெயர் வைத்தவர் நோயைப் பார்த்தே வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் செய்த பெரிய தவறு, வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வேலை முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க முயன்று, அடுத்த இரண்டு நாட்களும் பாயோடு கிடந்ததாகும். சிக்குன்குனியாவைப் பரப்பும் அதே வகை நுளம்பே டெங்கையும் பரப்புவதால், அது இல்லையென்று உறுதியாகும் முன் பனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை எடுக்கக்கூடாது என்பதை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன்.

அதன்பின் காலையில் இளஞ்சூட்டு நீரில் கைகளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, விரல்களை மெல்ல விரித்து மடக்கினேன். அரை மணி நேர வேலைக்குப் பின், வலி வராவிட்டாலும், வரம்பில் உட்கார்ந்தேன். அயலவர் சிரித்தது வேறு கதை. மண்வெட்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கியதும் இறுக்கிப் பிடிக்கும் தேவை வெகுவாகக் குறைந்தது. இப்போது நனைந்த சாரத்தை நானே பிழிகிறேன். மார்கழிக் குளிரில் மட்டும் வலது மணிக்கட்டு இன்னும் இறுகுகிறது.