கன்னங்குறிச்சியிலிருந்து மண்டிக்குச் சைக்கிளில் போகும் கணக்கு

சேலம் செவ்வாய்பேட்டை மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பெட்ரோல் விலை ஏறினால் கடையில் அரசியல் சண்டை தொடங்கிவிடும். மத்திய அரசா, மாநில அரசா என்று அவர்கள் மோதிக்கொள்ளட்டும், நாம் கூட்டிப் பார்ப்போம். போக வர 14 கிலோமீட்டர், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் செலவு 31 ரூபாய். மாதம் 25 நாள் வேலைக்கு எட்டு லிட்டர்கூட ஆகாது. 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததே, அதில் இந்த வண்டிக்காரருக்கு மாதம் மிச்சம் 62 ரூபாய். அதற்கு முந்தைய ஆகஸ்டில் தமிழக பட்ஜெட் குறைத்த 3 ரூபாயில் 24 கூடத் தேறாது. மாதத்தில் இரண்டே நாள் சைக்கிளில் போனால் அந்த 62 ரூபாய் கைக்கு வந்துவிடும்.

டீசலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பருப்பு மூட்டை லாரியில்தான் வருகிறது, வாடகை ஏறினால் சைக்கிளில் போகிறவனும் சேர்ந்துதான் கொடுக்கிறான். அதனால் வரியைக் குறைக்கச் சொல்கிறவர்களை நான் கிண்டல் செய்வதில்லை. பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து 1973-இல் வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் போனார். 2021 ஆகஸ்டில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சைக்கிளில் போனார்கள். அது ஒரு நாள் போராட்டம். மறுநாளும் சைக்கிள் எடுக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

புது வண்டி வாங்க ஓடாதீர்கள். பையனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் மூலையில் கிடந்தால் அதுவே போதும். டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். தடித்த டயரும் ஸ்பிரிங்கும் வைத்த வண்டி பார்க்க ஜோராக இருக்கும், மிதிக்கும்போது உயிரை எடுக்கும். மட்கார்டு, கேரியர், செயின் கவர் மூன்றும் கட்டாயம். வேட்டி கட்டுகிறவருக்குச் செயின் கவரின் அருமை தெரியும்.

சீட்டு உயரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முட்டி மடங்கி நின்றால் சீட்டு தாழ்வு, ஒரே வாரத்தில் முட்டி வலி வரும். காற்று வாரம் ஒரு முறை.

கன்னங்குறிச்சி மலையடிவாரம் என்பதால் காலையில் டவுனுக்குள் இறக்கம், மாலையில் ஏற்றம். வேர்வையெல்லாம் வீட்டுக்குத் திரும்பும்போதுதான், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? எதிர்த்திசையில் வேலைக்குப் போகிறவர்கள் அரை மணி முன்னதாகக் கிளம்பி, ஒரு சட்டையும் ஈரத் துண்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மதிய வெயிலில் மட்டும் வீம்பு வேண்டாம், அன்றைக்கு டவுன் பஸ். ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஞாயிற்றுக்கிழமைப் பையன்களுக்கு விட்டுவிடுங்கள்.

வழி முக்கியம். ஸ்கூட்டரில் போகும் அதே ரோட்டில் சைக்கிளில் போக வேண்டியதில்லை. சூரமங்கலம் பக்கம் போகிறவர்கள் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறாமல், முடிந்தவரை உள் தெருக்களில் போங்கள். ஒரு விடுமுறை நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டால் எந்தத் தெருவில் நாய், எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முன்னால் பஸ் போனால் இடப்பக்கம் நுழையவே கூடாது, நிறுத்தம் வந்தால் அது ஓரத்துக்குத்தான் ஒதுங்கும். லீ பஜாரில் காலை நேரம் மூட்டை இறக்கும்போது இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் குறையாது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் ஆறு மணிக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

நிறுத்த நிழலான இடம் வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார். கவுன்சிலர் வந்தால் பெட்ரோல் விலையைப் பேசிப் பயனில்லை, அது தன் கையில் இல்லை என்பார், உண்மையும் அதுதான். உடைந்த சாக்கடை மூடி, ரோட்டோரக் குழி, எரியாத தெரு விளக்கு எல்லாம் மாநகராட்சி வேலை. தெருப் பெயரோடு மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.