கிரிண்டெல்வால்டில் தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெர்னில் இருப்பதால், கோடை வந்தால் சொந்தக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். போன வாரம் சித்தி மகன் அழைத்தான். "அண்ணா, கிரிண்டெல்வால்டில் மூன்று இரவு. புதன்கிழமைக்கு யுங்ஃபிராவ்யோஹ் டிக்கெட்டும் எடுத்தாச்சு." கிரிண்டெல்வால்ட் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் சுவிஸ் ஊர்; யுங்ஃபிராவ்யோஹ் அதற்கும் மேலே, ரயிலில் ஏறிப் போகும் பனிமலை நிலையம். சுவிஸ் வந்த புதிதில் நானும் இப்படித்தான் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தேன். குடை, காலணி, குளிராடை பற்றி யாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

மலைக்கு நாள் குறிப்பது

யுங்ஃபிராவ்யோஹ் 3,454 மீட்டர் உயரம். கோடையில் முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும். நாங்கள் நான்கு பேர் போனோம். ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாறு கண்ணெதிரே கிடக்க வேண்டும்; கண்ணாடிக்கு வெளியே வேட்டி கட்டித் தொங்கவிட்டது போல மேகம். மகள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு மலையை வரைந்து, "இதுதானா அப்பா?" என்றாள். காபி குடித்துவிட்டு இறங்கினோம். மறுநாள் ஊர் திரும்ப ரயிலுக்கு நிற்கிறோம், ஐகர் மலை துடைத்து வைத்தது போல நிற்கிறது. இன்றும் வயிறு எரிகிறது.

ஜன்னலைத் திறந்து பார்த்து முடிவெடுப்பதும் தப்பு. ஊர் இருப்பது 1,034 மீட்டரில். கீழே மூடிக் கிடக்க மேலே வெயில் அடிக்கும், தலைகீழாகவும் நடக்கும். மேல் நிலையங்களின் நேரலைக் கேமராவை எழுந்ததும் பாருங்கள். தெளிவாக இருந்தால் டிக்கெட் எடுத்துச் சீக்கிரம் ஏறுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் திரள்வது வழக்கம். இடம் கிடைக்காதே என்ற பயம் இருந்தால் முந்தைய மாலை எடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். மேக நாளுக்குத்தான் ட்ரும்மெல்பாக் அருவிகள் இருக்கின்றன. மலைக்குள்ளேயே விழும் தண்ணீருக்கு வானம் எப்படி இருந்தால் என்ன?

இதையெல்லாம் சொன்னேன். "போனில் புதன்கிழமை வெயில்தான் காட்டுது அண்ணா" என்கிறான். அந்தப் புதனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

ரயிலில் எந்தப் பெட்டி

கிரிண்டெல்வால்டுக்குப் போக இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஏறும் ரயில் ஸ்வைலுட்ஷினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன் போய்விடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

மஞ்சள் பலகை

மலை நடைபாதைகளில் நிற்கும் வழிகாட்டிப் பலகை இது. அதில் இருப்பது நடக்கும் நேரம். ஓய்வும் செல்ஃபியும் சேராது. வெள்ளை, நீலம், வெள்ளைக் கோடு கண்டால் திரும்பிவிடுங்கள். அது மலையேறப் பழகியவர்களின் பாதை.

ஃபிர்ஸ்டில் கடைசிப் பெட்டி

ஃபிர்ஸ்ட், ஊருக்கு மேலே கம்பிவடப் பெட்டியில் ஏறிப் போகும் மலை. கீழே இறங்கும் கடைசிப் பெட்டியைத் தவறவிட்டால் 1,100 மீட்டர் இறக்கம், நடந்தே. ஏறும்போதே நேரப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.