காரோடு கப்பலேறிப் பிரான்ஸில் டென்ட் போடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்தால் போதும், லண்டனில் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணை, இந்த முறை காரிலயே பிரான்ஸ் போறம், டென்ட் அடிச்சுத் தங்கப் போறம். எந்தக் கப்பல் மலிவு?" பிள்ளைகளோடு இப்படிப் போவது மிக நல்ல விஷயம். ஆனால் எல்லாரும் கப்பல் சீட்டின் விலையில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "முதல் இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. நாங்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் போனோம். அதே தவறுகளைப் புதிதாகப் போகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டுங்கள், ஹெட்லைட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே லூர்து போய்ச் சேரலாம் என்ற கணக்கு

ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். லண்டன், பாரிஸ், ஜெர்மனி என்று எல்லாப் பக்கமிருந்தும் நம்மவர்கள் பிரான்ஸின் தென்மேற்கில் மாதா கோயில் இருக்கும் லூர்துக்குப் போகிற நேரம். சைவக் குடும்பங்களும் நேர்த்தி வைத்துப் போவதுண்டு. அதே நாள் பிரான்ஸில் பொது விடுமுறை. நாடே தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் வாரம் அது.

இங்கிலாந்தின் டோவர்த் துறைமுகத்துக் கப்பல் போய்ச் சேரும் கலேயிலிருந்து லூர்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். மோட்டார்வேயில் 130 வரை போகலாம், மழை பெய்தால் 110. இதை வைத்துக்கொண்டு "பத்து மணித்தியால ஓட்டம்தானே" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கூரை வரை பாரம் ஏற்றிய கார், பின்சீட்டில் பிள்ளைகள், நடுவில் அம்மம்மா, இரண்டு மணிக்கொரு தடவை கழிப்பறை, டோல் வரிசை, பெற்றோல், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஆகஸ்டில் மணிக்கு 80 கிலோமீட்டர் சராசரி கிடைப்பதே பெரிய காரியம். அப்படிப் பார்த்தால் பதினாலு மணித்தியாலம்.

இனிக் கப்பலுக்கு வருவோம். டோவரில் மதியம் 12 மணிக் கப்பல் மலிவாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். பிரான்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் கலேயில் சேரும்போது இரண்டரை. கார் வெளியே வரும்போது மூன்று. அந்தக் கப்பலைப் பிடிக்க லண்டனின் வெம்பிளிப் பக்கம் இருக்கிறவர் ஐந்து மணிக்கே எழும்பியிருப்பார். கலேயில் முதல் கிலோமீட்டரை ஓடும்போதே அவர் விழித்து ஒன்பது மணித்தியாலம் ஆகிவிட்டது. அதற்கு மேல்தான் அந்தப் பதினாலு மணித்தியாலம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் இரண்டு காரில் வெளிக்கிட்டது. காலைக் கப்பலை விட மதியக் கப்பல் நாற்பது பவுண்டு குறைவு. வழியில் ஒரு இரவு தங்குங்கள் என்று முன்பே சொன்னேன். "அதுக்கும் காசு தானே அண்ணை, நாங்கள் மாறி மாறி ஓடுவம்" என்றார்கள். இரவு பதினொரு மணிக்குப் புவாத்தியே நகரம் தாண்டியபோது இரண்டு ஓட்டுநருக்கும் கண் சொருகத் தொடங்கிவிட்டது. மோட்டார்வே ஓய்விடத்தில் காரை நிறுத்திக் காருக்குள்ளேயே படுத்தார்கள். எழுபது வயது தாண்டிய அம்மா இரவு முழுவதும் இருந்தபடியே தூங்கினார். விடிய இறங்கும்போது கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. அந்த ஓய்விடங்களில் ஆட்கள் தூங்கும் கார்களில் திருட்டு நடப்பதும் உண்டு. அவர்களுக்கு அது நடக்கவில்லை.

நடந்தது வேறு. லூர்தில் பதிவு செய்திருந்த காம்ப்சைட்டுக்குப் பிந்தி வருவோம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் வராமலும் தகவல் சொல்லாமலும் இருந்தால் மறுநாள் மதியத்தோடு இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது பல காம்ப்சைட்டுகளின் பதிவு நிபந்தனையிலேயே இருக்கிறது. இவர்கள் போய்ச் சேர்ந்தது மதியம் தாண்டி. திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலி இடம் எங்கே கிடைக்கும்? முற்பணம் போயிற்று. திருநாள் விலைக்கு இரண்டு ஹோட்டல் அறை எடுத்தார்கள். கொண்டுபோன டென்ட் காரை விட்டு இறங்கவே இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. இத்தனைக்கும் பிறகு அடுத்த வருடம் அவர்களின் மைத்துனர் குடும்பம் அதே மதியக் கப்பலுக்குச் சீட்டுப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் பாதை கேட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். பிரான்ஸில் பல காம்ப்சைட்டுகளில் இரவு 10 மணிக்குத் தடுப்பை இறக்குவார்கள்; காலை 7 மணி வரை கார் உள்ளே போகாது. வரவேற்பறை அதற்கும் முன்னே, பல இடங்களில் ஏழு மணிக்கே பூட்டிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பூட்டுவார்கள். டென்ட் அடிக்க வெளிச்சம் வேண்டும், பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டும். ஆகவே மாலை ஆறு மணிக்குள் உள்ளே போயாக வேண்டும். ஆறிலிருந்து பின்னோக்கி வந்தால் எந்தக் கப்பல் என்பது தானாகத் தெரியும். விலையைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

என் வழக்கம், முதல் இரவு துறைமுகத்திலிருந்து 200 கிலோமீட்டருக்குள். கலேயில் இறங்கினால் சோம் ஆற்று முகத்துவாரத்தில் லெ குரோத்துவா, சென் வலரிப் பக்கம் நிறையக் காம்ப்சைட்டுகள் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். மறுநாள் காலை தெளிவான தலையோடு ஏ16, ஏ28 வழியாக ரூவான், லெ மான், தூர் என்று இறங்கினால் பாரிஸ் சுற்றுவட்டத்தையும் தொடத் தேவையில்லை. இரண்டாம் இரவு லுவார் ஆற்றங்கரை. மூன்றாம் நாள் பிந்தினால் போர்தோப் பக்கம் நிற்கலாம்.

துறைமுகத்தையே மாற்றுவது இன்னும் நல்லது. டோவர் என்ற ஒன்றைத் தவிர வேறு துறைமுகம் இருப்பதை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. போர்ட்ஸ்மவுத்திலிருந்து நோர்மண்டியின் கானுக்குப் பகலில் ஆறு மணி நேரம் அளவில் ஒரு கப்பல்; சென் மாலோவுக்கு இரவுக் கப்பல், கேபினில் படுத்து எழும்பினால் பிரான்ஸின் மேற்கே பிரெத்தான் கரை. அதே சென் மாலோவுக்குக் கலேயிலிருந்து ஓடுவதென்றால் 500 கிலோமீட்டர் அளவு வரும். லூர்து போகிறவர்கள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஸ்பெயினின் பில்பாவோ போகும் கப்பலையும் ஒருமுறை விலை பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் கடலில் இருக்க வேண்டும், சீட்டும் விலை கூட. ஆனால் இறங்கும் இடத்திலிருந்து லூர்து 300 கிலோமீட்டர்தான். டோவர்ச் சீட்டோடு பெற்றோல், டோல், வழித் தங்கல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, பீசோன் ஃபூத்தே. பிரெஞ்சு அரசின் வீதி நெரிசல் முன்னறிவிப்பு இது. ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறம் போட்டு வெளியிடுவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் கறுப்புச் சனிக்கிழமையில் தெற்கே ஓடாதீர்கள். செவ்வாய், புதனில் கப்பலேறினால் பாதிச் சிக்கல் இல்லை.

எல்லாக் கடவுச்சீட்டும் ஒன்றல்ல

பயணத்தை யோசிக்கும் அன்றே வீட்டிலுள்ள எல்லாக் கடவுச்சீட்டையும் மேசையில் விரித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டானால் இரண்டு கணக்கு. பிரான்ஸுக்குள் நுழையும் நாளில் அது கொடுக்கப்பட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். 2018 செப்டெம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்குப் பழைய சீட்டில் மிஞ்சிய மாதங்களையும், ஒன்பது மாதம் வரை, கூட்டிக் கொடுத்தார்கள். முடிவுத் திகதியை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டுவது அங்கேதான்.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசா, வேண்டும். பிரிட்டனில் நிரந்தர வதிவுரிமை இருந்தாலும் வேண்டும். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கையில் இருக்கும் பிரிட்டிஷ் விசாவோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு டோவர் போகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் லெ துக்கே ஒப்பந்தப்படி பிரெஞ்சு எல்லைப் பொலிஸ் டோவரிலேயே சோதிக்கிறது. கப்பலேறும் முன்னே திருப்பிவிடுவார்கள். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போக மனம் வருமா? விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், ஆனால் கோடையில் அதை நம்பியிருக்க முடியாது. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். காம்ப்சைட் பதிவு நல்ல சான்று, ஒவ்வொரு இரவுக்கும் இருந்தால்.

2025 அக்டோபர் 12 முதல் கைரேகை, முகப்படம் எடுக்கும் புதிய எல்லைப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை இல்லை, படம் மட்டும். துறைமுகத்துக்கு நேரத்தோடு போங்கள்.

சாப்பாட்டுப் பெட்டி

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. கப்பலில் சாப்பிட என்று சுற்றிய மட்டன் ரோல்ஸ், மிஞ்சிய கோழிக்கறி, நெய்ப் போத்தல், பால்கோவா எல்லாம் இதற்குள் வரும். 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் ஓட்டுநர்களின் ஹாம் சான்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் வாங்கி வைத்தது தொலைக்காட்சியிலேயே வந்தது. கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு விலக்கு உண்டு.

பச்சை இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய் கொண்டுபோக முடியாது. விலக்குள்ள பழங்கள் ஐந்து: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன். தேங்காயைக் கொண்டுபோக முடிந்தால் சம்பலுக்குக் குறையில்லைத்தானே! மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, ஆகவே மாசிக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் தடையில்லை. வறுத்த மிளகாய்த்தூளும் போகும். பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் காரை வெளியே விட்டுவிட்டு ரயிலில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பல் போனால் கறிவேப்பிலை அங்கேயே வாங்கலாம்.

திரும்பும்போதும் கவனம். 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து சீஸ், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி பிரிட்டனுக்குள் வரக் கூடாது.

ஆறு அம்பியர்

காம்ப்சைட்டில் "மின்சாரத்தோடு" என்று பதிவு செய்தால் பல இடங்களில் கிடைப்பது 6 அம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். லண்டன் வீட்டுக் கேத்தல் 3,000 வாட். போட்ட கணமே ஃபியூஸ் விழும். ஃபியூஸ் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தால் வரவேற்பறை திறக்கும் வரை இருட்டுத்தான். சின்ன ரைஸ் குக்கர் 500 முதல் 700 வாட்டுக்குள் இருக்கும், அது ஓடும். ஆனால் சோறு வேகும்போது பக்கத்தில் கேத்தலைப் போடாதீர்கள். பயணக் கேத்தல் என்று 1,000 வாட்டுக்குக் குறைவாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். நீல நிற மூன்று முனைப் பிளக் எல்லா இடத்திலும் பொருந்தாது. பழைய இடங்களில் பிரெஞ்சு இரண்டு முனைச் சொக்கெட் இருக்கும். அதற்கான மாற்றியை லண்டனிலேயே வாங்கிவிடுங்கள்.

காஸ்

பிரிட்டனின் கேலர் சிலிண்டரைப் பிரான்ஸில் மாற்ற முடியாது. நீலக் காம்பிங்காஸ் சிலிண்டரை எடுங்கள், அது அங்கே எங்கும் கிடைக்கும். எத்தனை சிலிண்டர் ஏற்றலாம் என்பது கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. தெற்கில் கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் கரி அடுப்புக்குப் பல இடங்களில் தடை.

தடுப்பில்லாத டோல்

கான், லெ ஆவ்ர் துறைமுகங்களிலிருந்து பாரிஸ் பக்கம் போகும் ஏ13, ஏ14 மோட்டார்வேக்களில் 2024 முதல் டோல் கூண்டே இல்லை. கமரா இலக்கத் தகட்டைப் படிக்கும். 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்ட வேண்டும். யாரும் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டு வந்தால் அபராதம் ஏறும்.

லீஸ் கார்

காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பத்திரம் வேண்டும்: சொந்தக் காரென்றால் பதிவுப் பத்திரமான வி5சி லாக்புக், லீஸ் காரென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாடகைக் கார்ச் சான்றான வி.இ.103. மூலப்பிரதி வேண்டும்.

கூரைப் பெட்டி

கப்பல் சீட்டுப் போடும்போது கார்க் கூரையில் வைக்கும் பெட்டியோடு சேர்த்துக் காரின் உயரத்தை அளந்து சொல்லுங்கள்.

கார்த் தட்டு

கப்பலில் கார்கள் நிற்கும் தளத்தைக் கப்பல் ஓடும்போது பூட்டிவிடுவார்கள். மருந்து, குழந்தையின் பால், குளிருடுப்பு எல்லாவற்றையும் மேலே எடுத்துப் போங்கள்.

புது டென்ட்

பெட்டி பிரிக்காமல் கொண்டுபோகாதீர்கள். ஒரு ஞாயிறு பக்கத்துப் பூங்காவில் அடித்துப் பாருங்கள். எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று கை பழக வேண்டும். தெற்கில் கோடைத் தரை காய்ந்து கல்லாக இருக்கும், டென்டோடு வரும் மெல்லிய முளைகள் இரண்டாவது அடியில் வளைந்துவிடும். தடித்த இரும்பு முளை இருபதும் ஒரு நல்ல சுத்தியலும் வாங்கி, பாரம் ஏற்றும்போது எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.