அலுவலக இணைப்பில் குரல் அழைப்பு தடைபடாமல் செல்ல

குரல் அழைப்புக்கு இணைப்பின் வேகத்தைவிடத் தாமதமே முக்கியம்; ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. ஐபி தொலைபேசியிலிருந்து புறப்படும் குரல் பாக்கெட்டுகளில் (குரல் தரவின் சிறு துண்டுகளில்), முன்னுரிமையைக் குறிக்கும் டிஎஸ்சிபி மதிப்பு 46 இடப்பட்டிருப்பதை உறுதிசெய்து, ரூட்டரில் அவற்றை முன்னுரிமை வரிசைக்கு அனுப்புங்கள். அந்த வரிசைக்கு உச்சவரம்பு கட்டாயம். இல்லையேல் மற்ற பாக்கெட்டுகள் காத்தே கிடக்கும். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும், ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையிலான அழைப்புக்கு, ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேரும் ஐபி தலைப்புகளையும் சேர்த்து, ஒரு திசையில் விநாடிக்கு 80 கிலோபிட் தேவைப்படுவதால், ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய அழைப்புகளின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கி, சிறிது கூடுதலாக வரம்பை வையுங்கள்.

பதிவேற்ற வேகத்தை இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ரூட்டரிலேயே கட்டுப்படுத்தாவிட்டால், நெரிசல் மோடத்துக்குள் உருவாகி, நீங்கள் வகுத்த முன்னுரிமை அங்கே செல்லுபடியாகாமல் போகும்; பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். முடிந்ததும், பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றிக்கொண்டே அழைத்துப் பாருங்கள்.